மலைக்கு வரும் லாரி

இப்போது அதற்கு சப்ளை செயின் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எண்பத்தேழாம் வருஷம் கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபத்து வாசலில் கட்டியிருந்த துணியில் ‘பொருள் வழங்கல் சீரமைப்பு மாநாடு’ என்று எழுதியிருந்தது. பேர் எதுவானால் என்ன? எங்கள் மலைக்கு வரும் லாரியை நிறுத்தத்தான் அவ்வளவு நீளத் துணி.

நான் சாமியம்மாள். கல்வராயன் மலையில் கூட்டுறவுச் சங்கத்து ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தேன். வாரத்துக்கு ஒரு லாரி அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு முக்கி முனகி மேலே வரும். இனி அது அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தோடு நின்றுவிடும், மலை ஜனங்கள் இறங்கி வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்று மேலிடத்தில் திட்டம் போட்டிருந்தார்கள். டீசல் மிச்சமாம். பிள்ளை பெற்றவளும் கிழவனும் தலையில் மூட்டையோடு மலை ஏறினால் டீசல் மிச்சமாகாமல் என்ன செய்யும்? கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்தத் திட்டம் நிறைவேற அந்தந்தக் கடை விற்பனையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் என்னையும் மாநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சங்கச் செயலாளர் தெய்வசிகாமணி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: வந்து உட்கார், வாயைத் திறக்காதே, காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாயசம் குடித்துவிட்டுப் போ. நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினால் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டால் அது அவர் பாடு.

மண்டபத்தில் மலை விளைபொருள் என்று ஒரு மேசை போடுவதாகவும், காட்சிக்கு ஏதாவது வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் மாதன் எங்கள் காட்டில் முதலில் விளைந்த சாமையைக் குத்திப் புடைத்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். எங்கள் ஊரில் புதுச் சாமையை அறுக்கலாம், அடிக்கலாம், குத்தலாம், நாலு பேருக்குக் காட்டலாம். ஊர் கூடிச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறவரைக்கும் வாயில் மட்டும் வைக்கக் கூடாது, பிறத்தியார் வாய்க்கும் கொடுக்கக் கூடாது. மீறினவர் ஊருக்குத் தண்டம் கட்ட வேண்டும். பொங்கல் அன்றைக்குக் கோயில் எல்லைக்கு வெளியே தனியாக நிற்க வேண்டும். அப்படி நின்றவர் பேரை ஊர் லேசில் மறக்காது.

முதல் நாளே இறங்கி வந்து மண்டபத்திலேயே படுத்துக்கொண்டோம். ஊரெல்லாம் சுவரொட்டி. இட ஒதுக்கீடு கேட்டு நாளை முதல் சாலை மறியல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சமையல்காரர் பழனி அதைக் காட்டி, அரிசி காய்கறியை இன்றைக்கே வாங்கி வைத்துவிடலாம் என்று தெய்வசிகாமணியிடம் கெஞ்சிப் பார்த்தார். உளுந்தூர்பேட்டையிலிருந்து காண்டிராக்டர் வேன் காலையில் வந்துவிடும், முன்கூட்டி வாங்கிக் குவிப்பது மாநாட்டுக் கொள்கைக்கே விரோதம் என்று அவர் சொல்லிவிட்டார்.

முதல் நாளே மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி வெங்கடேசன் காலையில் அந்தக் கொள்கையை விளக்கினார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே மாட்டார். கிடங்கில் தூங்குகிற சரக்கு நஷ்டம், இன்றைக்கு வேண்டியது இன்றைக்கு வந்தால் போதும் என்றார். கடைசி ஊர் வரைக்கும் வண்டி ஓட்டுவதுதான் பெரிய வீண்செலவு, பொருளைத் தேடி ஜனங்கள் வருவதே சிக்கனம் என்றார். அவர் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோதே வெளியே மறியல்காரர்கள் வெட்டிய புளியமரங்கள் ரோட்டில் சாய்ந்துகொண்டிருந்தன. எந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி வர வழியில்லை. வேன் எங்கேயோ மாட்டிக்கொண்டது. கடைகளெல்லாம் சாத்திவிட்டார்கள்.

மத்தியானமாயிற்று. அடுப்பில் வெறும் வெந்நீர் கொதித்தது. பொருள் வழங்கலைப் பற்றி நாள் பூராவும் பேச வந்தவர்களுக்குப் பொருள் வழங்க ஆளில்லை. மேடையில் பேசினவர் பேச்சை யாரும் கேட்கவில்லை, எல்லார் கண்ணும் சமையற்கட்டு வாசலில்தான். எனக்கும் பசிதான், ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் தெய்வசிகாமணியின் பார்வை எங்கள் மேசைமேல் விழுந்தது.

“ஏம்மா, அந்தச் சாமைய அவுத்துப் பழனி கையில குடு. கஞ்சியாவது காய்ச்சட்டும்.”

முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஒரு தட்டில் கொஞ்சம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால் படைத்த மாதிரிதானே என்றார்.

“எங்க சாமி ஊர்ல இருக்குது சார். மண்டபத்துல இல்ல.”

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஒதுக்கீட்டுச் சலுகையில் வேலைக்கு வந்தவளுக்கு இத்தனை திமிரா என்று எல்லார் காதிலும் விழுகிறபடி கேட்டார். அந்தச் சலுகையைக் கேட்டுத்தான் வெளியே அத்தனை பேர் ரோட்டில் படுத்திருக்கிறார்கள், இதையே அங்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வெங்கடேசன் என்னை மேடைக்குக் கூப்பிட்டனுப்பினார். மாதனும் கூடவே வந்தார். மைக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தணிந்த குரலில்தான் பேசினார்.

“மலை விஷயத்தத் திட்டத்துலேருந்து அடிச்சிடறேம்மா. லாரி எப்பவும்போல மேல வரும். நீங்க அந்தச் சாமைய மட்டும் குடுத்துடுங்க. பாவம், எல்லாரும் பசியோட இருக்காங்க.”

நான் எதற்காக மலை இறங்கினேனோ அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு மூட்டை சாமை. ஒரு தலையாட்டல். பிள்ளை பெற்றவள் மூட்டை சுமக்க வேண்டாம். மாதன் என் காதோரம் குனிந்தார்.

“குடுத்துடு புள்ள. தண்டத்த நான் கட்டிக்கிறேன். பொங்கலன்னிக்கு வெளிய நிக்கிறதும் நானே நின்னுக்கிறேன். ஊருக்கு லாரி வந்தா போதும்.”

காட்டில் உழைத்தவர் அவர். எவன் பசிக்காகவோ அவர் தன் கோயிலுக்கு வெளியே தலைகுனிந்து நிற்க வேண்டுமாம். அதை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டி மைக்கைப் பிடித்து இழுத்தேன்.

“சார் இப்ப என்னாண்ட ஒன்னு சொன்னாரு. சாமைய குடுத்தா மலை லாரிய நிறுத்தமாட்டாராம். ஒரு வேளை சோத்துக்கு அடிச்சிடலாம்னா அந்தத் திட்டத்த எதுக்கு எழுதினீங்க? ஒரு வேளை சோறு வரலன்னதும் உங்களால தாங்க முடியல. எங்கள வருசம் பூரா தாங்கிக்கினு இருக்கச் சொல்றீங்க. சாமையும் குடுக்கமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன்.”

தெய்வசிகாமணி மைக்கைப் பிடுங்க வந்தார். அதற்குள் நடு வரிசையில் நைனார்பாளையம் கடை சுப்புராயன் எழுந்தார். வாரா வாரம் வரும் லாரியை அவர் கடைக்கு மாசம் ஒன்றாகக் குறைப்பதென்று அதே திட்டத்தில் இருந்தது. வயசானவர், அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

“தங்கச்சி சொல்றது ஞாயந்தான் சார். எங்கிட்ட குடுக்கறதுக்குச் சாமை கூட இல்ல. நானும் கையெழுத்துப் போடல.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். சிரித்த வாயோடு ஒவ்வொருவராகப் பேனாவை மூடினார்கள். வெங்கடேசன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதங்களை அடுக்கினார். திட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அந்தத் தணிந்த குரலிலேயே அறிவித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது தெய்வசிகாமணி வாசலில் வழிமறித்தார்.

“உன் சோத்துல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினே.”

“என் சோத்துலதானே சார்? ஊர் சோத்துல இல்லையே.”

பஸ் இல்லை. கச்சிராயபாளையம் போகும் ரோட்டில் நடந்தோம். வெட்டிப் போட்டிருந்த மரத்துக்குப் பக்கத்தில் மறியல்காரப் பெண்கள் அண்டாவில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காசியம்மாள் என்ற ஒருத்தி எங்களைப் பார்த்ததும், எந்த ஊர், எதற்கு வந்தீர்கள் என்றெல்லாம் கேட்காமல் ஆளுக்கொரு குண்டான் கஞ்சி கொடுத்தாள். காலையிலிருந்து அதுதான் எங்களுக்குச் சாப்பாடு. திரும்ப நடக்க ஆரம்பித்ததும், வேலை போய்விடுமா என்று மாதன் கேட்டார். போகும் என்றேன். சரி, காடு இருக்கிறது என்றார்.

மறியல் முடிந்து ரோடு திறந்த பிறகு ஒரு நாள் காலையில் வளைவில் லாரிச் சத்தம் கேட்டது. சின்னதுகளெல்லாம் முன்னால் ஓடின. நான் கடை வாசலில் நின்றேன். மண்ணெண்ணெய் நாற்றம் முதலில் வந்தது, பின்னால் லாரி வந்தது. டிரைவர் பக்கத்தில் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். மேலதிகாரிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கியாயிற்று என்று இறங்கும்போதே சொன்னார்.

“கடை சாவிய குடு.”

“மூட்டையெல்லாம் எறங்கட்டும் சார். அப்புறம் தரேன்.”

அவருக்கு வேறு வழியில்லை. வெயிலில் நின்றார். மாதனும் இன்னும் நாலு பேரும் அரிசியை இறக்கினார்கள், உப்பை இறக்கினார்கள், பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள். கடைசி மூட்டை உள்ளே போனதும் சாவியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். வீட்டுக்குப் போய் என் ரேஷன் கார்டையும் ஒரு பையையும் எடுத்து வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன்.

அவர் சாவியையும் தராசையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். யார் அளந்து போடுவது என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் என்னைப் பார்த்தார்.

“சாவி உங்க கையிலதான் இருக்குது. அளந்து போடுங்க சார்,” என்றேன்.