காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே

பழைய கார் வாங்கப் போகிறவன் பையில் ஒரு காந்தம் இருக்கும். துரு தின்ற இடத்தில் புதுத் தகடு வைத்து ஒட்டாமல், ஃபில்லர் என்ற பசையை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துக்குத் தெரிந்துவிடும். தகடாக இருந்தால் பிடிக்கும், ஃபில்லராக இருந்தால் வழுக்கி விழும். பெயின்டில் கீறல் விழாமல் இருக்கக் காந்தத்தை ஒரு மெல்லிய துணியால் மூடிக்கொள்வது வழக்கம். 1992 ஏப்ரலில், லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டுக் கராஜில், ஒற்றையாகப் போட வேண்டிய அந்தத் துணியை நான் எட்டாக மடித்தேன். நான் செய்தது அவ்வளவுதான். இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கார் மெய்யப்பன் அண்ணையுடையது. மலேசியாக்காரர். படிக்க வந்து, கவுன்சிலில் எஞ்சினியராகி, இங்கேயே தங்கிவிட்டவர். மனைவியின் சின்னக் காரைத் தோர்ண்டன் ஹீத்தில் என் கராஜுக்குத்தான் கொண்டுவருவார். கருநீல நிற அமெரிக்கக் காரை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். 1968ஆம் ஆண்டு வண்டி, இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், மஸில் கார் என்பார்கள். சாவி போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு அதன்மேல் ஒரு கண் இருந்தது, ஒளிப்பானேன்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் காசுள்ளவர்களுக்கெல்லாம் பழைய கார்ப் பைத்தியம் பிடித்திருந்தது. அண்ணை 89இல், விலை உச்சத்தில் நின்றபோது, பதினெட்டாயிரம் பவுண் கொடுத்து வாங்கினார். அடுத்த வருடமே சந்தை விழுந்தது. 91 மார்கழியில் அவரும் மாரடைப்பில் போய்விட்டார். நாலு மாதம் கழித்து அவருடைய மனைவி நீலா அக்கா போன் பண்ணி, காரைப் பார்த்து விலை சொல்லச் சொன்னார்.

பார்த்தேன். சுத்தமான வண்டி. அந்த விழுந்த சந்தையிலும் ஒன்பதாயிரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். அக்கா பக்கத்தில் நின்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணியை மடித்தேன். கதவில் வைத்த காந்தம் சறுக்கிக் கீழே விழுந்தது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது.

"உதெல்லாம் ஃபில்லர் அக்கா. சந்தையும் விழுந்து கிடக்கு. வெளியில ஒருத்தரும் வாங்க மாட்டினம். நான் எண்டால் மூவாயிரத்து ஐந்நூறு தரலாம்."

சந்தை விழுந்தது உண்மை. அந்த உண்மையின் முதுகில் என் பொய்யை ஏற்றி அனுப்பினேன். அக்கா பேரம் பேசவில்லை. குனிந்து காந்தத்தை எடுத்து என் கையில் தந்தார்.

"அவர் மூணு வாரம் போய்ப் போய்ப் பார்த்துட்டு வந்து, எல்லாம் சுத்தத் தகடு நீலான்னாரே தம்பி."

"அவரையும் ஏமாத்திப்போட்டாங்கள் போல" என்றேன்.

கோடையில் திருத்தி விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். எஞ்சினை இறக்கி ஏற்றினேன், பிரேக்கெல்லாம் புதிதாகப் போட்டேன், குரோம் பூசக் கொடுத்தேன். கதவின் உள்மட்டையைக் கழற்றியபோது, உள்ளே யாரும் பார்க்காத மூலையிலும் துருப்பிடிக்காமல் இருக்க மெழுகு பூசியிருந்தது தெரிந்தது. அண்ணையின் வேலை. மட்டையைத் திரும்பப் பூட்டிவிட்டு அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சந்தை எனக்காகக் காத்திருக்கவில்லை. இன்னும் விழுந்தது. விளம்பரம் போட்டால் போன்கூட வராது. ஒன்றரை வருடம் கார் என் கராஜின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது நீலா அக்காவின் சாப்பாடு.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை 109 பஸ் ஏறி, டிபன் கரியரோடு வந்து நிற்பார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பல், பாண்டான் கேக். "விக்கலையா தம்பி? உங்க தலையில கட்டிட்டேனே" என்பார். பாவம் பார்த்து வாங்கி நான் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். கோயிலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. அந்தச் சம்பலையும் வழித்துத் தின்றேன்.

ஒருநாள் கரியரை மூடிக்கொண்டே சொன்னார். "அவர் போட்டோவை எடுத்து அலமாரியில வெச்சுட்டேன். ஏமாந்திருந்தா ஏமாந்தேன்னு சொல்லியிருக்கலாம். தெரிஞ்சே என்கிட்ட தகடுன்னு சொன்னாரோன்னு தோணுது. முப்பது வருஷம் அவர் சொன்னதையெல்லாம் நம்பினேன்."

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஸ்பானரைத் தேடுவதுபோல் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

93 ஐப்பசியில் வால்தம்ஸ்டோவிலிருந்து எட்வேட் என்ற வெள்ளைக்காரர் வந்தார். அமெரிக்கக் கார் சேர்ப்பவர். அரை மணித்தியாலம் எஞ்சினைக் கேட்டார், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஏழாயிரத்து ஐந்நூறு என்றார். நான் கையை நீட்டப் போன நேரம் வாசலில் நீலா அக்கா, கையில் கரியர்.

விஷயம் புரிந்ததும் அவருடைய முகம் முதலில் மலர்ந்தது. பிறகு தவித்தது. கரியரை மேசையில் வைத்துவிட்டு எட்வேட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இந்தக் காரை இவருக்கு விற்றது நான்தான், கதவும் கீழ்த்தகடும் முழுக்க ஃபில்லர், தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. உங்க வியாபாரத்தைக் கெடுக்கறேன். இவர் தெரியாம வாங்கறதைப் பார்த்துட்டு நிக்க முடியல."

எட்வேட் சிரித்தார். பையிலிருந்து தன் காந்தத்தை எடுத்து, கைக்குட்டையை ஒற்றையாகப் போட்டுக் கதவில் வைத்தார். பிடித்தது. கீழ்த்தகட்டிலும் பிடித்தது. முன்னிருந்து பின்வரை வைத்துக்கொண்டே போனார், ஒவ்வோர் இடத்திலும் டக் டக்கென்று பிடித்தது. அக்கா ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தகட்டை மாத்திட்டீங்களா தம்பி?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணத்துக்கு அதுதான் பொருத்தமான பதில். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். காரும் விற்றுவிடும், என் பெயரும் நிற்கும், கோயிலில் இன்னும் நாலு பேர் கையைப் பிடிப்பார்கள். மெய்யப்பன் அண்ணை மட்டும் அலமாரிக்குள் கிடப்பார். ஓம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்போது அக்கா கதவின் மேல் கையை வைத்துத் தடவினார்.

"இல்லை அக்கா. ஒண்டும் மாத்தேல்லை. அண்டைக்கும் இதே தகடுதான்."

அவருக்குப் புரியவில்லை. மேசையிலிருந்து துணியை எடுத்து எட்டாக மடித்து, அதற்குள் காந்தத்தைப் பிடித்து அதே கதவில் வைத்தேன். விழுந்தது. ஒற்றையாக விரித்து வைத்தேன். பிடித்தது. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. எட்வேட்டுக்குப் பாஷை தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு, பிறகு போன் பண்ணுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

"நான் பொய் சொன்னனான் அக்கா. கார் நல்ல கார். திருப்பித் தாறன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப அவர் ஏமாறலை" என்றார். கதவைப் பார்த்துக்கொண்டே, "என்கிட்ட பொய்யும் சொல்லலை" என்றார்.

"இல்லை அக்கா."

"ஒன்றரை வருஷமா அவரைத் திட்டிட்டு இருக்கேன் தம்பி."

காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், ஏறவில்லை. விலையைப் பற்றிப் பேச வந்தேன். "அதெல்லாம் அப்புறம். முதல்ல வீட்டுக்கு வாங்க" என்றார். 109இல் போனோம். அவர் முன்சீட்டில் இருந்தார், நான் இரண்டு சீட் தள்ளி இருந்தேன்.

வீட்டில் அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்தார். முந்தானையால் துடைத்து, ஹாலில் பழைய ஆணியிலேயே மாட்டினார். அண்ணை கழுத்துப்பட்டி கட்டி, சிரிக்காமல் இருந்தார்.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

கிரீஸ் கையோடு நின்றேன். "அண்ணை, உங்கட கார் சுத்தத் தகடு. நான்தான் பொய் சொன்னனான்." தரையைப் பார்த்து மெல்லச் சொன்னேன்.

அக்கா சாத்தியிருந்த ஜன்னலை எட்டித் திறந்துவிட்டு வந்தார்.

"அவருக்கு இடது காது சரியா கேக்காது. சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன்.