இருபது படுக்கை நிழல்

1964 மார்ச் பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு, தாராவியில் தோல் கம்பெனிக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் இரண்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் நிழல் விழுந்தது. ஆஸ்பத்திரி இல்லை. நிழல் மட்டும்தான். மாடிக்கு ஆறு ஜன்னல், வாசலில் நாலு படி, உச்சியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிமேல் ஒரு காக்கை, எல்லாம் தரையில் சுத்தமாகத் தெரிந்தன. முதலில் கவனித்தவள் பேராச்சி. அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வெறுங்காலோடு அந்த வழியாக வந்தவளுக்கு, பாதம் சுடுவது திடீரென்று நின்றது. குனிந்து பார்த்தாள். ஆண்கள் வார்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். பினாயில் வாசனைகூட அடித்தது.

பேராச்சிக்கு ஆஸ்பத்திரி அவசரமாகத் தேவைப்பட்டது. அவள் புருஷன் பூதத்தான் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஈரத் தோல் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. காலை ஆறு மணிக்கு அவள் மாட்டுங்காவுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனால் திரும்ப இரண்டாகும். அந்த எட்டு மணி நேரமும் அவன் கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறையில் தனியாகக் கிடப்பான். ஒருநாள் வந்து பார்த்தபோது எலி அவன் கால் கட்டைவிரலில் பாதியைத் தின்றிருந்தது. அவனோ சுவரைப் பார்த்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான், வலியே தெரியாமல். அவள் வேலையை விட்டால் இரண்டு பேருக்கும் கஞ்சி கிடையாது. போனால் எலிக்கு விருந்து. இதுதான் அவள் நிலைமை.

அவள் பாத்திரம் தேய்த்த வீடுகளில் ஒன்று வானமாமலையுடையது. அவர் தலைமைச் செயலகத்தில் கிளார்க். சட்டசபையில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மந்திரி வாசிக்கவேண்டிய பதில்களை டைப் அடிப்பது அவர் உத்தியோகம். எலி விவகாரத்தைக் கேட்டு மனசு கேட்காமல், இங்கிலீஷில் ஒரு மனு எழுதி, செம்பூரிலிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர் காவ்டேக்கு அனுப்பச் சொன்னார். காவ்டே சபையில் எழுந்தார். எழுந்து நடக்க முடியாதவர்களைப் பகலில் பராமரிக்கத் தாராவியில் ஏதேனும் ஏற்பாடு உண்டா? உண்டெனில் எங்கே? இல்லையெனில் ஏன்? மந்திரி வாசித்தார்: இருபது படுக்கை கொண்ட இல்லம் ஒன்று அரசின் தீவிரப் பரிசீலனையில் உள்ளது. வாசித்துவிட்டு அவர் உட்கார்ந்த நேரம், பதினொன்று நாற்பது.

மறுநாள் இதைப் பேராச்சிக்குச் சொன்ன வானமாமலை கூடவே எச்சரித்தார். "பரிசீலனைன்னா ஒண்ணும் நடக்காதுன்னு அர்த்தம். ஆசையை வளத்துக்காதே."

"அது என்ன எழவோ ஐயா, நேத்தே வந்துட்டுல்லா" என்றாள் அவள்.

தாராவிக்காரர்கள் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள். கோயில் கொடையில் சாமியாடி ஒரு வாக்குச் சொன்னால் அது நடந்துமுடிந்த மாதிரி என்று வைத்துக்கொண்டு காரியத்தில் இறங்குபவர்கள். சபையில் மந்திரி எழுந்து நின்று சொன்னதையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். படித்தவன் யாரும் செய்யாத தப்பு. நிழலின் வாசலில் வேப்பிலை கட்டக் கம்பு நட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், பக்கத்துக் கோலி தெரசம்மாள் தன் பங்குக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அன்று மாலையே பூதத்தானைக் கட்டிலோடு தூக்கிவந்து ஆண்கள் வார்டில் மூன்றாவது ஜன்னலுக்கு அருகே போட்டார்கள். வாரத்துக்குள் இருபது கட்டிலும் நிரம்பிவிட்டன.

நிர்வாகத்தில் சில சிரமங்கள் இருந்தன. காலையில் மேற்கே கிடக்கும் வார்டு சாயங்காலம் கிழக்கே போய்விடும். அதனால் வேலைக்குப் போகாதவர்கள் முறைவைத்து, மணிக்கொரு தரம், கட்டில்களைச் சப்பரம் தூக்குகிற மாதிரி தோளில் ஏற்றி நிழலோடு நகர்த்தினார்கள். உச்சிவேளையில் நிழல் சுருங்கவேண்டும் என்ற விதி மட்டும் அரசாங்கக் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை. மழைக்காலம் நெருங்கியதும் பேராச்சி இன்னொரு மனு எழுதச் சொன்னாள். காவ்டே கேட்டார்; இல்லம் எல்லாப் பருவத்திலும் இயங்கும் என்று மந்திரி வாசித்தார். அந்த ஜூலையில் பம்பாய் முழுக்க வெள்ளம். சூரியனே கிடையாது. ஆனாலும் மைதானத்தில் நிழல் கிடந்தது, அதற்குள் ஒரு சொட்டு விழவில்லை. ஊழியர் நியமன ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளது என்று நாக்பூரில் நடந்த குளிர்காலக் கூட்டத்தொடரில் வாசித்த அன்று, தொப்பி வைத்த நர்ஸ் ஒருத்தியின் நிழல் கட்டில்களுக்கு இடையே நடமாட ஆரம்பித்தது. நடையைப் பார்த்தாலே கோட்டயத்துக்காரி என்று தெரசம்மாள் சத்தியம் செய்தாள். பூதத்தானின் முதுகுப்புண் ஆறியது. எலி நிழலின் ஓரம்வரை வந்து, வாசனை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இப்படி இரண்டு வருஷம் போனது. 1966இல் காவ்டே முதல்முறையாகத் தன் வெற்றியைக் கண்ணால் பார்க்கலாம் என்று தாராவிக்கு வந்தார். கட்டடத்தைத் தேடினார். வெறும் மைதானமும் இருபது கட்டிலும் இருந்தன. அவருக்குக் கோபத்தில் மீசை துடித்தது. போட்டோக்காரனை அழைத்துவந்து நாலு பக்கமும் படம் எடுத்தார். அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரே கேள்வி எழுதிக் கொடுத்தார்: அந்த இடத்தில் கட்டடம் எதுவும் இல்லை என்பது உண்மையா? ஆம், அல்லது இல்லை.

விஷயம் பேராச்சியின் காதுக்கு எட்டியது. சபையில் சொன்ன வார்த்தையால் விழுந்த நிழல், சபையில் சொல்லும் வார்த்தையால் போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. செம்பூருக்கு ஓடினாள். காவ்டே டீ கொடுத்து, ஜனநாயகம் பற்றி அரைமணி நேரம் இந்தியில் பேசினார். உண்மை வெளியே வந்தே ஆகவேண்டும் என்றார்.

"உண்மை வெளிய வந்தா என் புருசன் எங்க போவாரு சாஹேப்?" என்று தெரிந்த இந்தியில் கேட்டாள் பேராச்சி. அவர் இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னார். ஆனால் கேள்வியை வாபஸ் வாங்க மறுத்துவிட்டார்.

மிச்சமிருந்தது வானமாமலை. புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் நேர்மையானவர். ‘கட்டடம் இல்லை’ என்றே பதில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதம் டைப் ஆவதற்காக வானமாமலையின் பையில் இருந்தது. அதை மாற்றி அடிக்கச் சொல்லி அவரிடம் கேட்டாள் பேராச்சி.

"முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு கமாகூட மாத்தினதில்லை. ரிடையராக இன்னும் பதினோரு மாசம். தெரிஞ்சா நௌக்ரியும் போச்சு, பென்ஷனும் போச்சு. புரியறதா?"

"புரியுது ஐயா." பேராச்சி தேய்த்த குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். "மாத்தாண்டாம். ஆனா நாளைலேருந்து ஆறு மணிக்கு நீங்க வந்து எலி வெரட்டுங்க. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

வானமாமலை காப்பியைக்கூடக் குடிக்காமல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

கேள்வி வந்த நாளில் பேராச்சி வேலைக்குப் போகவில்லை. பூதத்தானின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பதினொன்றேகாலுக்குக் காவ்டே எழுந்து போட்டோக்களை உயர்த்திக் காட்டினார். தாராவியில் நிழல் நாலு தடவை துவைத்த சேலை மாதிரி வெளுத்தது. ஜன்னல்கள் மங்கின. நர்ஸ் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். பூதத்தானின் பாதி விரலில் வெயில் பட்டது. "ஏளா, சுடுதா பாரு, எனக்குத் தெரியலை" என்றான். பேராச்சி தன் உள்ளங்கையால் அந்த விரலை மூடினாள்.

மந்திரி எழுந்தார். இருமவும் என்று டைப் அடித்திருந்தால் இருமிவிட்டு உட்காரக்கூடியவர் அவர். கண்ணாடியை மாட்டி, காகிதத்தைப் பார்த்து, வாசித்தார்: "உண்மையல்ல. இல்லம் சிறப்பாக இயங்கி வருகிறது." அதிகாரிகள் வரிசையில் இளம் அதிகாரி வாயைத் திறந்தபடி இருந்தார், அவர் பின்னால் நின்ற வானமாமலை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவ்டே விடவில்லை. மந்திரி அந்தக் கட்டடத்தைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டார். இதற்குக் காகிதத்தில் பதில் இல்லை. மந்திரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பத்தொன்பது வருஷ அரசியல் கைகொடுத்தது. "அப்படியானால், தாராவி ஏழைகளுக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம் என்கிறாரா மாண்புமிகு உறுப்பினர்?" என்று முழங்கினார். ஆளுங்கட்சி மேஜைகள் அதிர்ந்தன. காவ்டே உட்கார்ந்தார். தாராவியில் நிழல் தார் பூசியதுபோல் கறுத்து, தரையில் மேலும் நீண்டு, மூன்றாவது மாடி எழும்பியது. அதில் பிரசவ வார்டு வந்தது.

இளம் அதிகாரி சந்திரபூர் காட்டிலாகாவுக்கு மாற்றப்பட்டார். தட்டச்சுப் பிழை பற்றி விசாரிக்கக் கமிட்டி போட்டார்கள். அது இன்னும் கூடவில்லை. வானமாமலை முழுப் பென்ஷனோடு வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பூதத்தானுக்கு ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார். நன்றாக இயங்கும் இல்லத்துக்குப் புதுக் கட்டடம் எதற்கு என்று செங்கலுக்கான நிதியை ரத்து செய்தார்கள். அதுவும் சபையில் சொல்லப்பட்டது. அன்று நிழலில் ஒரு சலனமும் இல்லை. 1967 தேர்தலில் காவ்டே தோற்றார். மறுவருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மகன்கள் டாக்ஸியில் கொண்டுவந்து இறக்கியபோது, கட்டிலின் ஒரு காலைத் தூக்கியவள் பேராச்சி. மூன்றாவது மாடியில் பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. படுத்தபடியே வானத்தைப் பார்த்து, கோணிய வாயால், கட்டடம் எங்கே என்று அவர் கேட்டார்.

"இங்க கேள்வி கேக்கக்கூடாது சாஹேப்" என்றாள் பேராச்சி. "பேசாம படுங்க. நர்ஸம்மா வருவாங்க."

நர்ஸ் வந்தாள். அவர் நெற்றிமேல் அந்த நிழற்கை ஒரு நிமிஷம் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது மணி மூன்றரை. பார்வையாளர் நேரம் நாலு என்பதால், பேராச்சி வெளியே வந்து, நிழலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெயிலில் காத்திருந்தாள்.