செந்நாரைக்கு ஒரு லென்ஸ்

கேமரா கடை சாத்த ஒரு மணி நேரம் இருந்தது. என்னிடமிருந்த பணத்துக்குள் இரண்டே லென்ஸ்கள் அடங்கின.

"இது புதுசும்மா, ஆனா பறவைகிட்ட போகணும். இது பழசு, தூரத்துலேருந்தே எடுக்கலாம்," என்றார் கடைக்காரர்.

"பழசே குடுங்க. கிட்டப் போனா செந்நாரை கூட்டை விட்டுடும்."

கூட வந்திருந்த, லாரி ஓட்டும் அண்ணன் இடைமறித்தான். "வீட்லயே என்னைப் படம் எடேன்டி. நானும் காட்டு மிருகம்தான்."

"விளையாடாதண்ணா. சதுப்புல கோரைப் புல்லுக்குள்ள குஞ்சு பொரிச்சிருக்கு. பெரிசாயிட்டா பறந்துடும். நாளைக்கே போகணும்."

கடைக்காரர் பழைய லென்ஸைப் பெட்டியில் வைத்தார். அண்ணன் பெட்டிமேல் கைவைத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"வேணாம்டி. திங்கக்கிழமைலேருந்து அங்க மண்ணு கொட்டுறேன். கோரையெல்லாம் மூடியாச்சு. கூடும் மண்ணுக்குள்ளதான் இருக்கு."