இவள் இங்கே பொருந்துவாளா

பேருந்து மாறும் இடத்துக்கு எனக்கு முன்பே கியோனா வந்து நின்றிருந்தாள். பிப்ரவரி மாதம். ஏரிக்காற்று காதை அறுத்தது. அந்தக் குளிரிலும் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற வெள்ளைக் காலணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சாலையில் பனி உருகுவதற்காகக் கொட்டியிருந்த உப்பும் சேறும் அதன் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏறியிருந்தன. "அம்மாதான் இதையே போட்டுக்கன்னாங்க. நல்லாருக்கா டெசா?" என்றாள். நல்லாருக்கு என்றேன். பள்ளியில் என் வெள்ளைக்காரத் தோழி ஆட்ரி இந்தக் காலணியைப் பார்த்தால் என்ன சொல்வாளோ என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வந்தது.

கிளீவ்லண்டின் கிழக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து அந்தப் பள்ளிக்கு இரண்டு பேருந்து ஏற வேண்டும். முதல் பேருந்தில் நான் டெசா. இரண்டாவதில் ஏறி உட்கார்ந்ததும் பேச்சை மாற்றிக்கொள்வேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரத்தில் நான் ஏதோ கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரு நொடி அமைதியாகி, பிறகு எல்லோரும் ரொம்ப அன்பாகச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஒவ்வொரு சொல்லையும் தேய்த்து மடித்து வைக்கப் பழகிவிட்டேன். சிரிப்பைப் பாதியாக்கிக்கொண்டேன். ஒடெஸா என்ற பெயரை அவர்கள் டெஸ் என்று சுருக்கினார்கள். அறுநூறு பிள்ளைகளில் நாங்கள் பதினொரு பேர்தான் கறுப்பர்கள். நடைகூடத்தில் எதிர்ப்பட்டால் லேசாகத் தலையசைப்போம். நின்று பேச மாட்டோம். மூன்று பேர் சேர்ந்து நின்றால் போதும், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுக்கொண்டு ஓர் ஆசிரியர் வந்துவிடுவார்.

கியோனா எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் சேர விண்ணப்பித்திருந்தாள். சேர நினைக்கிறவர்கள் ஒரு நாள் முழுக்க ஏதாவது ஒரு மாணவியின் கூடவே சுற்ற வேண்டும். அதை நிழல் நாள் என்பார்கள். சாயங்காலம் அந்த மாணவி ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். சேர்க்கைப் பிரிவின் மிஸஸ் கார்வர், நாங்கள் இருவரும் ஒரே சர்ச் என்று விண்ணப்பத்தில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, உங்களுக்குள் எளிதாக இருக்குமே என்றார். 'உங்களுக்குள்' என்பதை அவர் சொன்ன விதத்துக்கே எழுந்து போயிருக்க வேண்டும். நான் புன்னகைத்தேன்.

சர்ச்சில் கியோனாவும் நானும் வாசல் குழுவில் இருந்தோம். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும், ஆனால் ஆராதனை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கை ஜாடைதான். வலது கையை மார்புக்குக் குறுக்கே வைத்தால், என் இடத்துக்கு வந்து நில்லு என்று அர்த்தம். பார்த்தவர் உடனே நகர்ந்து வந்தாக வேண்டும்; இவளுக்கு என்ன, எதற்கு என்ற கேள்வியே கிடையாது. அன்று பேருந்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கியோனா பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஜாடையைக் காட்டினாள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

முதல் பாடம் அறிவியல். ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே காட்டி, சாலையில் உப்பு எதற்குக் கொட்டுகிறார்கள் என்று பொதுவாகக் கேட்டார். விருந்தாளியாக வந்த பிள்ளை கை தூக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"தண்ணிய உறைய விடாதுங்க சார் அது. எங்கப்பா உப்பு வண்டிதான் ஓட்டுறாரு. ஆனா ஒரேயடியா குளிர் ஏறிப்போச்சுன்னா உப்பும் கைய விரிச்சிரும். அப்ப வேற மருந்து கலந்தாத்தான் வேலைக்கு ஆகும்பாரு."

ஆசிரியர் சின்னக் குழந்தை பாட்டுப் பாடியதைக் கேட்ட மாதிரி சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். டெஸ், நம் விருந்தினர் என்ன சொல்ல வருகிறார் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். நான் சொன்னேன்: "உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கிறது. ஆனால் வெப்பநிலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றால் அது பயனளிப்பதில்லை." மிகச் சரி என்று சொல்லி அதைப் பலகையில் எழுதினார், பக்கத்தில் என் பெயரையும். கியோனா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் சொன்னதுதானே அது?" என்று கிசுகிசுத்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். ஆசிரியரிடம் சொல்லவில்லை. நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நாலு வார்த்தைக்கு வாய் வரவில்லை.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற மிஸ் எர்லீன் எங்கள் கிழக்குப் பக்கத்துக்காரர். தினமும் தட்டை நீட்டுகிற அந்த அரை நிமிடம் மட்டும், அந்தக் கட்டடத்துக்குள் நான் டெசாவாக இருப்பேன், அதுவும் யாருக்கும் கேட்காத குரலில். சீஸ் போட்டு அடுப்பில் சுட்ட மாக்கரோனி போடும் நாள் என்றால், ஓரத்தில் முறுகினது இருந்தால் வையுங்கள் என்பேன். உனக்குன்னுதான் எடுத்து வச்சேன் கண்ணு என்பார் அவரும் அதே குரலில். எங்கள் இருவருக்கும் அது ஏதோ திருட்டு வியாபாரம் மாதிரி.

கியோனாவுக்கு இந்தத் திருட்டெல்லாம் தெரியாது. நான் என் தட்டோடு ஆட்ரியின் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். கியோனா வரிசையிலேயே நின்று மிஸ் எர்லீனிடம் எந்தத் தெரு, எந்தச் சர்ச் என்று விசாரித்து, யார் யாருக்கு உறவு என்பது வரை போய்விட்டாள். மிஸ் எர்லீன் வாய்விட்டுச் சிரித்ததை நான் அங்கே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு கியோனா கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"டெசா, ஓரத்து முறுகல் உனக்கும் சேத்து வாங்கிட்டேன்டி. நம்ம சர்ச்சுல நாலு தட்டு அடிப்பியே, அந்த அளவுக்கு இருக்காது. ஆனா பாவம், சீஸ் போட்ருக்காங்கன்னாவது கண்ணுக்குத் தெரியுது."

அத்தனை மேசையும் திரும்பியது. ஆட்ரி முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டெசாவா, யார் அது என்று கேட்டாள். அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். பயம் மட்டுமென்றால் குனிந்து சாப்பிட்டிருப்பேன். நான் சிரித்தேன். சர்ச்சில் இவள் இருந்தால் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று சொன்னேன். அதோடும் விடாமல் கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, கையை இடுப்பில் வைத்து, கியோனா பேசியதை அப்படியே பேசிக் காட்டினேன். அச்சு அசலாக வந்தது. வராமல் எப்படிப் போகும், அது என் சொந்தக் குரல்தானே. மேசை முழுக்கச் சிரித்தது. ஆட்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லவேளை, நீ அப்படி இல்லை டெஸ்" என்றாள்.

நான் நன்றி என்றேன். இதை எழுதும்போதும் அந்த நன்றி நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரும்பினால் கியோனா இரண்டு தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எனக்கான முறுகலை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே, தூரத்தில், மிஸ் எர்லீன் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானப் பாடங்களில் யார் எது கேட்டாலும் கியோனா தெரியாது என்றாள். காலையில் உப்பைப் பற்றிச் சொன்ன பிள்ளை, தன் பிறந்தநாளைக் கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள்.

மூன்றரை மணிக்கு மிஸஸ் கார்வரின் அறைக்கு வெளியே உட்கார்ந்து படிவத்தை எழுதினேன். எதிர் பெஞ்சில் கியோனா, மடியில் பை, தரையில் அந்த வெள்ளைக் காலணி. கடைசிக் கேள்வி: இவள் இங்கே பொருந்துவாளா? அவள் சேர்ந்தால் தினமும் அந்தக் கூடத்தில் டெசா என்று கூப்பிடுவாள். ஆட்ரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். நான் எழுதினேன்: 'கியோனா புத்திசாலி, அன்பானவள். ஆனால் இங்குள்ள சூழலுக்குப் பழக அவளுக்குச் சிரமமாக இருக்கலாம். பிற்பகலில் அவள் யாருடனும் கலந்து பேசவில்லை. தனக்கு இயல்பான சூழல் உள்ள வேறொரு பள்ளியில் அவள் மகிழ்ச்சியாக இருப்பாள் என்று நினைக்கிறேன்.' பிற்பகலில் அவள் வாயை அடைத்தவள் நான். அதையே அவள் குற்றமாக, ஒரு பிழை இல்லாமல், அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மிஸஸ் கார்வர் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். மிகவும் நேர்மையாக எழுதியிருக்கிறாய் என்றார். அதை எழுதியது என்னைப் போன்ற ஒருத்தி என்பதில் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் படிவத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாளும் மாக்கரோனிதான். வரிசையில் தட்டை நீட்டினேன். "என்ன வேண்டும், மிஸ்?" என்றார் மிஸ் எர்லீன், ஆட்ரியிடம் கேட்கிற அதே குரலில். நான் பதில் சொல்வதற்குள் நடுவிலிருந்து வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு கரண்டி விழுந்தது.

மார்ச்சில் கியோனாவின் வீட்டுக்கு, இடமில்லை என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அந்த வார ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்னால், சர்ச்சின் கீழ்த்தளத்துச் சமையலறைக்கு என்னைக் கூப்பிட்டார் கியோனாவின் அம்மா, சிஸ்டர் பெட்டிஃபோர்ட். பீச் பழத்தின்மேல் மாவு போட்டுச் சுட்ட சூடான கோப்ளரை ஒரு கிண்ணம் நிறைய அள்ளி என் கையில் திணித்தார். அன்றைக்கு என் பிள்ளையைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டாயே, அதற்கு என்றார். மேல் மாவு நன்றாக முறுகியிருந்த ஓரத்தைத்தான் எனக்கு எடுத்திருந்தார். கியோனா சுவரோரம் நின்று கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் பெட்டிஃபோர்ட் மேலங்கிப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து ஒரு வரியைப் படித்தார்: தற்போதைய மாணவர்களின் கருத்துகளையும் கவனத்தில் கொண்டு.

"எந்த வெள்ளக்காரப் புள்ள என்னத்த எழுதிக் குடுத்துச்சோ தெரியல," என்றார். "நீ அங்கதானே இருந்த டெசா. யாரா இருக்கும், உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

வாயைத் திறந்தேன். "இல்லை, சிஸ்டர் பெட்டிஃபோர்ட். அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மிகவும் வருத்தமாக இருக்கிறது."

என் வாயிலிருந்துதான் வந்தது. தேய்த்து மடித்த அந்தக் குரல், அந்தச் சமையலறையில், வறுத்த கோழியும் கீரையும் மணக்கிற இடத்தில். நான் கூப்பிடாமலே வந்து நின்றது. சிஸ்டர் பெட்டிஃபோர்ட் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னடி, ஆஸ்பத்திரில கெட்ட சேதி சொல்ல வர்ற டாக்டர் மாதிரி பேசுற."

பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் கியோனாவுக்காகத்தான் கலங்குகிறேன் என்று நினைத்து, இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் தோளுக்கு மேலே கியோனா தெரிந்தாள். கையுறையை மாட்டி முடித்திருந்தாள்.

"விடும்மா," என்றாள் அமைதியாக. "டெஸ்ஸுக்கு அதெல்லாம் தெரியாது."

அவள் அம்மா அந்தப் பெயரைக் கவனிக்கவில்லை. சாப்பிடு, ஆறிடப்போகுது என்று என்னைத்தான் அவசரப்படுத்தினார். நான் ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் தலையாட்டினார்.

ஆராதனை தொடங்கியபோது நடுவழியின் இடது முனையில் நான், வலது முனையில் கியோனா. பாடகர் குழு எழுந்ததும் சர்ச்சே எழுந்தது, தரை அதிர்ந்தது. எனக்கு நெஞ்சுவரை பீச் பழமும் சர்க்கரைப் பாகும் ஏறி வந்தது. வியர்த்தது. வெளியே ஓட வேண்டும், ஆனால் இடத்தை விட்டு நகர அனுமதி இல்லை. வலது கையை மார்புக்குக் குறுக்கே வைத்தேன். கியோனா நேராக என்னைத்தான் பார்த்தாள். பார்த்தாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவள் இடது கை முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. காலணியைப் புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தாள். ஆனாலும் விளிம்பில் அந்தச் சாம்பல் கோடு போகவில்லை. அவள் கண்ணைத் திருப்பி வாசலைப் பார்த்து நின்றாள். யாரோ தாமதமாக வந்த ஒருவருக்கு இடம் காட்டினாள்.

நான் கையை இறக்கவில்லை. கடைசி வரிசையில் இறகு வைத்த தொப்பியோடு நின்றிருந்த ஒரு பெரியம்மா, நான் பரிசுத்த ஆவியில் நிறைந்து நிற்பதாக நினைத்திருக்க வேண்டும். என் பக்கம் சாய்ந்து, முழங்கையைத் தட்டிக்கொடுத்து, "ஆமென், கண்ணு" என்றார்.