லெட்டி இல்லாத புத்தகம்

எங்கள் குடும்பக் கடிதங்களைப் புத்தகமாக அச்சடிக்கப் போவதாகத் தம்பி ஆம்ப்ரோஸ் சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். ரேவன்ஷா மாளிகையின் ஆவண அறைக்கு இத்தனை வருடமும் நான்தான் காவல். பிரபு பட்டமும் நிலமும் அவனுக்கு, தூசியும் இருமலும் எனக்கு.

மறுநாள் காலை, கிட்னி வறுவல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, லெட்டியோட கடுதாசி ஒண்ணுகூட புக்குல வரக்கூடாது. எல்லாத்தையும் கணப்பு நெருப்புல போட்டுடு."

லெட்டி எங்கள் தங்கை. குதிரை வைத்தியனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனவள். பிறந்தவர் பெயரெல்லாம் எழுதி வைக்கும் குடும்ப பைபிளிலிருந்து அவள் பெயரை அன்றே அப்பா அடித்துவிட்டார். போன குளிர்காலத்தில் அங்கேயே செத்தும் போனாள். இந்தக் கடிதங்களும் போய்விட்டால் அவள் பிறந்ததற்கே அடையாளம் கிடையாது.

"போட மாட்டேன். அவ இல்லாத புக்குக்கு ஒரு வரிகூட படிச்சுக் குடுக்கவும் மாட்டேன்."

"ஏன், இந்த ஊர்ல வேற யாருக்கும் கண்ணே இல்லையா?" என்று சிரித்தான்.

கண் இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. தாளுக்குத் தாள் தபால் கட்டணம் ஏறிய காலத்தில், ஒரு பக்கம் நிரம்பியதும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். கட்டணம் குறைந்த பிறகும், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நிலத்தை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் கஞ்சத்தனத்தை விடவில்லை. பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

ஆம்ப்ரோஸ் பாதிரியாரை வரவழைத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அம்மாவின் கடிதம் ஒன்றைக் கணீரென்று வாசித்தார்.

"'நேத்து பிஷப் விருந்துக்கு வந்தார். அவருக்கு விளக்கெண்ணெய் புகட்டி, வாலைக் கட்டி, லாயத்துல...'" நிறுத்தினார். "பிரபு, இது அந்தக் காலத்து மரியாதையா இருக்குமோ?"

"அது எங்க பழுப்புக் குதிரை, பாதிரியாரே. நீங்க குறுக்கு வரியில இறங்கிட்டீங்க," என்றேன்.

அவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"என் சோத்தைத் தின்னுட்டு என்னையே எதிர்க்கிறியா?" என்று ஆம்ப்ரோஸ் கத்தினான்.

"ஆமாண்டா. சோத்தை நிறுத்து, இன்னிக்கே பெட்டியைக் கட்டறேன். ஆனா லெட்டி வராத புக்குல அம்மாவும் வரமாட்டா, பாட்டியும் வரமாட்டா. பிஷப்பையும் குதிரையையும் வச்சு நீயே ஒப்பேத்திக்கோ."

லெட்டி எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

"எரிக்கணும்னா உன் கையால எரி."

கணப்புவரை வேகமாகப் போனான். போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்தான். நேர் வரிகளில் பனி, பசு ஈன்ற கன்று, புதுக் கம்பளி. குறுக்கு வரிகளில் ஓரிடத்தில் அவன் பெயர் மட்டும் பிடிபட்டது. தாளைத் திருப்பினான். ஜன்னலோரம் கொண்டுபோனான். கண்ணைச் சுருக்கினான். அதற்குமேல் ஒன்றும் புரியவில்லை.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கா?"

பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பிறகு அவள் எழுதியது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் விடவில்லை.

"அச்சுல போடு. அப்புறம் படிச்சுக்கோ."

கடிதத்தோடு மேஜைக்கு வந்து, அச்சகத்துக்கு எழுத ஒரு தாளை இழுத்துக்கொண்டான்.

"பைபிள்ல அடிச்ச பேரை, முழுப் பேரா எழுது," என்றேன்.

எழுதினான்.