கொம்புள்ள உரிமையாளர்

"மன்னிக்கவும். நீங்கள் இந்தக் கணினியின் உரிமையாளர் அல்ல" என்று பாக்கியரத்தினத்தின் சொந்தக் கம்பியூட்டர், அவருடைய சொந்த மேசையில் குந்திக்கொண்டு, அவருடைய சொந்த மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, அவருக்கே சொன்னது.

"அடி செருப்பால!" என்றார் பாக்கியரத்தினம்.

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மலையளவு கப்பல்களை நாய்க்குட்டிபோலக் கயிற்றில் கூட்டிவந்து கரையில் கட்டியவர். அவர் படகின் சங்கை ஊதினால் எங்கோ தூரத்துக் கந்தளாய்க் குளத்து மீன்கள் திடுக்கிட்டுத் துள்ளும் என்று துறைமுகத்தில் ஒரு கதை உண்டு; அந்தக் கதையைக் கட்டிவிட்டவரும் அவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு தட்டைப் பெட்டி வாசலில் மறித்துவிட்டது.

நாள் பார்த்து மறித்தது. மறுநாள் மாலை துறைமுக ஓய்வூதியர் ஒன்றுகூடல். அதில் அவருடைய நகைச்சுவை நாடகம் மேடையேற வேண்டும். ஒரு வருடமாகத் தட்டித் தட்டி எழுதிய நாடகம் முழுவதும் பெட்டிக்குள் கிடந்தது. அதை வெளியே பிரதி எடுத்து வைக்கவும் வழியில்லை. அதையும் கம்பியூட்டர்க் கம்பனி 'உங்கள் பாதுகாப்புக்காக' நிறுத்தியிருந்தது.

நாடகம் இல்லையென்றால் அந்த நேரம் அபூதாஹிருக்குப் போகும். அபூதாஹிர் கிண்ணியாக்காரர், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர், பாக்கியரத்தினத்தின் உயிர்ச் சிநேகிதர். ஒரேயொரு குறை, கடலைப் பற்றிக் கவிதை எழுதுவார். எழுதினாலும் பரவாயில்லை, வாசிப்பார். போன தடவை அவர் வாசித்து முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த சிலருக்கு நகம் வெட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

வினை தொடங்கியது சில மாதங்களுக்கு முன்னால். ஒரு காலை, கேளாமல் வந்த 'மேம்படுத்தல்' ஒன்று, "கடவுச்சொல் இனிச் செல்லாது. முகத்தைக் காட்டி, இடமும் வலமும் திரும்புங்கள்" என்றது. வேண்டாம் என்று சொல்லப் பொத்தான் தேடினார். இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் 'இப்போதே' என்றிருந்தது. மற்றதில் 'சற்று நேரத்தில்'. அவர் 'சற்று நேரத்தில்' என்பதை அழுத்தினார். சற்று நேரம் என்பது கம்பனியின் கணக்கில் கண் இமைக்கிற நேரம்.

"என்ட முகத்தைக் கண்டவனுக்கும் குடுக்க ஏலாது!" என்று கதிரையைத் திருப்பிப்போட்டு, கமராவுக்கு முதுகைக் காட்டி இருந்துகொண்டார்.

திரும்பியவருக்கு எதிரே ஜன்னல். ஜன்னலில் மான்.

கோட்டைப் பக்கத்து மான்கள் காலையில் தெருவில் இறங்கி, வீடு வீடாக நின்று பழத்தோல் வாங்கிப் போவது வழக்கம். இவர் வீட்டுக்கு வருவது, தெருவையே எழுதி வாங்கியவன்போல நடக்கிற ஒரு கொம்பன். பாக்கியரத்தினம் கோபத்திலும் கடமை தவறாமல் இடக்கையால் ஒரு வாழைப்பழத் தோலும் வலக்கையால் ஒன்றும் நீட்டினார். மான் இடமும் வலமும் திரும்பித் தின்றது. பின்னால் கம்பியூட்டர் குழைந்தது: "மிக நன்று. அழகான முகம். வரவேற்கிறோம், உரிமையாளரே!"

பாக்கியரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். "கம்பனிக்கு மானைக் குடுத்திட்டன்!" என்று தெருவுக்குச் சொன்னார், சந்தைக்குச் சொன்னார், பஸ் ஏறிக் கப்பல்துறை ஊருக்குப் போயும் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் மான் வந்து கம்பியூட்டரைத் திறந்துவிட்டு, கூலியாகத் தோலை வாங்கிக்கொண்டு போகும்.

இன்றும் வந்தது. ஆனால் தலை மொட்டையாக இருந்தது. கொம்பு இரண்டும் விழுந்துவிட்டிருந்தன.

"இஞ்சருங்கோ, உங்கட உரிமையாளருக்கு என்ன நடந்தது?" என்று மனைவி தயாளினி குசினியிலிருந்து வந்து கேட்டாள்.

அவர் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தார். கடல் தாண்டி ஒரு பெண்குரல், தேன் தடவிய இந்தியத் தமிழில், "வணக்கம் சார். உங்க முகத்துல சமீபத்துல ஏதாவது மாற்றம் இருக்கா சார்?" என்றது.

"கொம்பு விழுந்திட்டுது, பிள்ளை."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம். "முடி உதிர்வுன்னு பதிவு பண்ணிக்கிறேன் சார்."

"முடியில்லை பிள்ளை, கொம்பு! திரும்ப முளைக்கும்."

"ரொம்ப சந்தோஷம் சார். முளைச்சதும் முயற்சி பண்ணுங்க."

"எனக்கு நாளைக்கு நாடகம்! இது நான் வாங்கின கம்பியூட்டர்!"

"பெட்டி உங்களோடதுதான் சார். திறக்கிறதுக்கு அனுமதிதான் எங்களோடது. அதுக்கு நீங்க சம்மதிச்சிருக்கீங்க."

"எப்ப?"

"'சற்று நேரத்தில்'னு அழுத்தினீங்களே சார், அப்பதான்."

பாக்கியரத்தினம் போனை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். தயாளினிக்குப் பயம் பிடித்தது. சுனாமி எச்சரிக்கை அன்றுகூடப் பேச்சை நிறுத்தாத மனிதர். தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது. அவள் அபூதாஹிருக்குச் சொல்லிவிட்டாள்.

அபூதாஹிர் கிண்ணியாப் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் பறந்து வந்தார், கக்கத்தில் கவிதைக் கட்டோடு. "கவலைப்படாத மச்சான், ரெண்டு பேருட நேரத்தையும் நானே வாசிச்சு நிரப்புறன்" என்று மலர்ந்த முகத்தோடு உள்ளே வந்தவர், சிநேகிதனின் முகத்தைக் கண்டதும் கட்டைக் கீழே வைத்தார்.

"ஒரு வருசமா எழுதினது, தாஹிர். ஒரு பக்கமும் மனதில இல்ல."

அபூதாஹிர் மீசையைத் தடவினார். கப்பலின் அடிவயிற்றிலிருந்து பாரம் தூக்கிப் பழகிய மூளை அது. விறுவிறுவென்று கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கிய காய்ந்த கிளைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே, கூலி கிடைக்காமல் இன்னும் நின்றுகொண்டிருந்த மானின் பின்னால் பதுங்கி, கிளைகளை அதன் காதுகளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். தயாளினி தோலை நீட்டினாள்.

"இடப்பக்கம்... கொஞ்சம் மேல... நிப்பாட்டு!" என்று பாக்கியரத்தினம் கப்பல் கட்டுகிற குரலில் கத்தினார். கோணேசர் மலைக் குரங்கெல்லாம் காதைப் பொத்தின.

"சற்று மெலிந்திருக்கிறீர்கள். வரவேற்கிறோம், உரிமையாளரே!" என்றது கம்பியூட்டர்.

"திறந்திட்டா?" என்று அபூதாஹிர் சந்தோசத்தில் எழும்பித் தலையை உள்ளே நீட்டினார். அவ்வளவுதான். கம்பியூட்டருக்கு அதுவரை கிடைக்காத ஒரு மனித முகம். "புதிய முகம் சேர்க்கப்பட்டது. இவரே இனி முதன்மை உரிமையாளர்" என்று அது அறிவித்தது. அறிவித்த கையோடு நாடகத்தின் முதல் பக்கத்தையும் விரித்துக் காட்டியது.

'கொக்கியில் தொங்கிய ஜீப்.' கதாநாயகன் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பாரந்தூக்கி இயக்குநர். கோதுமை மூட்டை என்று நினைத்து, துறைமுகத்துப் பெரியவர் தூங்கிக்கொண்டிருந்த ஜீப்பைக் கப்பலில் ஏற்றியவர். மீசை பற்றி மட்டும் ஒரு முழுக் காட்சி.

பாக்கியரத்தினம் கூரையில் பல்லியைத் தேடினார்.

தோல் முடிந்ததும் மான் போய்விட்டது. அபூதாஹிர் தலையை வெளியே இழுத்து, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். முதன்மை உரிமையாளரே முகத்தை மறைத்ததைக் கண்ட கம்பியூட்டர் உடனே பூட்டிக்கொண்டது.

"மச்சான், முகத்தைக் காட்டடா!"

"நிபந்தனை இரிக்கி" என்றது லேஞ்சி. "ஜீப்பு தொங்கட்டும், அது நடந்ததுதான். ஆனா தொங்கக்குள்ள கதாநாயகன் என்ட கவிதையை வாசிக்கணும். முழுசா. கதாநாயகன் நான்தான்."

"ஏலாது! நீ கம்பனியைவிட மோசமடா!"

"கம்பனி ஒனக்கு நிபந்தனையை வாசிச்சுக் காட்டினதா? நான் காட்டுறன்ல? செல்லு, இப்போதேயா, சற்று நேரத்திலயா?"

தயாளினி வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். பாக்கியரத்தினம் ஜன்னலைப் பார்த்தார், பூட்டிய திரையைப் பார்த்தார். "சற்று நேரத்தில" என்று முனகினார்.

லேஞ்சி அந்தக் கணமே இறங்கியது.

மறுநாள் ஜீப் கொக்கியில் தொங்கியது. அதன் கீழே நின்று அபூதாஹிர் கடலைப் பாடினார். உள்ளே பெரியவராக நடித்த பாக்கியரத்தினம், எழுதாத வசனமாக, "இறக்குங்கோடா, இல்லாட்டி கவிதையையாவது நிப்பாட்டுங்கோடா!" என்று கதற, மண்டபம் சிரித்த சிரிப்பில் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று நங்கூரத்தை இழுத்துக்கொண்டு அரை மைல் நகர்ந்ததாகப் பேச்சு.

இப்போதும் தினமும் காலையில் அபூதாஹிர் பாலம் தாண்டி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறார். தயாளினி வாழைப்பழம் உரிக்கிறாள். பழம் அபூதாஹிருக்கு, தோல் மானுக்கு. பாக்கியரத்தினம் அறை வாசலில் நின்று, இன்றைக்குக் கொஞ்சம் எழுதலாமா என்று அபூதாஹிரையும் மானையும் கேட்கிறார்.