அடைத்த கடன்

வீட்டை மதிப்புப் போடப் புது வங்கியிலிருந்து வந்தவன் விரலை மடக்கிக் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தபோதே பெயின்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தன் கையால் பட்டி பார்த்து, தேய்த்து, மூன்று பூச்சுப் பூசிய சுவர். தர்பூசணி வாங்க வந்தவன் மாதிரித் தட்டுகிறான். மகன் பல்லைக் காட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே அலைந்தான்.

வீடு பெயின்டர் பேரில் இருந்தது. கடன் அப்பன், மகன் இருவர் பேரிலும். தவணை கட்டியது எலக்ட்ரீஷியனான மகன். கடனைப் புது வங்கிக்கு மாற்றினால் வட்டி குறையும், மேற்கொண்டு ஒரு தொகையும் கைக்கு வரும், அதை வைத்து மின்சாமான் கடை போட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. பெயின்டர் காதில் 'மேற்கொண்டு' மட்டும்தான் விழுந்தது. கடை படுத்தால் வீடும் சேர்ந்து படுக்கும். வட்டியைக் குறைக்கிறேன் என்று ஒருத்தன் வீடு தேடி வருகிறான் என்றால், ஆதாயம் இல்லாமலா செருப்புத் தேய நடப்பான்? யோசித்துச் சொல்கிறேன் என்றார். மகன் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டான்.

அவர் யோசிக்கவெல்லாம் இல்லை. தொழிலாளர் சங்கத்தில் கடைசிக் காலத்துக்கென்று சேர்த்திருந்ததை ஒட்ட வழித்துக்கொண்டு பழைய வங்கிக்குப் போனார்.

"எல்லாத்தையும் கட்டிட்டா நாளைக்கு மருந்து மாத்திரைக்கு என்னய்யா பண்ணுவீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"என் மருந்த நான் பாத்துக்கறேன். நீ பத்திரத்தக் குடும்மா."

பத்திரம் வந்த அன்று அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "கடன் முடிஞ்சுது. இனிமே எவனும் வந்து சுவரத் தட்ட வேண்டாம்." தவணைச் சுமை இறங்கியதே என்று மகன் முகம் கொஞ்சமாவது தெளியும் என்று பார்த்தார். அவன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான்.

"கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன்ப்பா. இவ வளையல வித்து."

"என்னக் கேட்டுக்கிட்டா குடுத்த?"

"நீங்க என்னக் கேட்டுக்கிட்டா கட்டுனீங்க? இத்தன வருஷம் தவணை கட்டுனவன் நான்."

"வீடு என்னுதுடா."

மகன் எழுந்து கையைக் கழுவினான். "சரி. நீங்களே வச்சுக்குங்க. நாங்க தனியாப் போயிடறோம். நான் மாட்டினத மட்டும் எடுத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்தான். அறை அறையாக விளக்குகள் இறங்கின. மருமகள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டாள், ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே ஓசைப்படுத்தி. இந்த வீட்டில் சுவருக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை என்று சாக்கிடம் சொல்லிக்கொண்டாள்.

"சுவத்துக்குள்ள ஓடுற வயரயும் உருவிக்கிட்டுப் போடா," என்றார் பெயின்டர்.

"சுவரு உங்களுது. அத ஒடைக்க மாட்டேன்."

கடைசியாகக் கூடத்து மின்விசிறி. வழவழப்பான தரையில் ஏணியின் கால் லேசாக நகர்ந்தது. பெயின்டர் நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. ஏணியில் ஆள் நிற்கும்போது கீழே ஒருத்தன் கால் கொடுக்க வேண்டும்; தொழிலில் அதற்குச் சண்டை, சமாதானம் கிடையாது. அடிப்படியில் காலை வைத்து அழுத்திக்கொண்டு முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேலே திருகாணி கழன்றது. மகன் மின்விசிறியை ஒற்றைக் கையில் பிடித்துக் கீழே இறக்கினான். வாங்கிக்கொள்ளக் கூடத்தில் அவரைத் தவிர ஆளில்லை. அவன் கூப்பிடவில்லை. அவர் காலை எடுக்கவுமில்லை, கையை நீட்டவுமில்லை. பாரத்தில் அவன் கை மெல்லத் தாழ்ந்தது. இருவருக்கும் நடுவே, மின்சாரம் இல்லாமலே, இறக்கைகள் மெதுவாகச் சுற்றின.